‘வருகிறேன்’ என்று சொல்லிவிட்டுப் போன பெரியப்பா

அக்கா வீட்டுக்கு அன்று அவள் கணவரின் அண்ணன் வந்திருந்தார். காப்பி குடித்தார், ஊர்க்கதை பேசினார், ஐந்தரை மணிக்குத் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, “சரி, நான் வருகிறேன்” என்று எழுந்தார். எல்லாரும் வாசல்வரை போய் வழியனுப்பிவிட்டுத் திரும்பினோம். அக்கா மகன் மட்டும் கேட் அருகிலேயே நின்றுவிட்டான். அவனுக்கு அப்போது எட்டு வயது. இங்கே அவனைக் கதிர் என்று வைத்துக்கொள்வோம். உண்மைப் பெயர் வேறு.

ஆறு மணி ஆயிற்று. விளக்கு வைத்த பிறகும் அவன் உள்ளே வரவில்லை. “கொசு பிடுங்குகிறது, வாடா கண்ணா” என்று அக்கா இரண்டு முறை கூப்பிட்டாள். அசையவில்லை. ஏழு மணிக்கு நான் போய்க் கையைப் பிடித்தபோது, கேட் கம்பியை இறுகப் பற்றிக்கொண்டு தெருவே திரும்பிப் பார்க்கும்படி அலறினான். “செல்லம் கொடுத்துக் கெடுத்து வைத்திருக்கிறீர்கள்” என்று எதிர்வீட்டு அம்மா தீர்ப்பு வழங்கிவிட்டு உள்ளே போனார். இரவு படுக்கப் போகும்போதுதான் விஷயம் வெளியே வந்தது. “பெரியப்பா வருகிறேன் என்று சொன்னார். வரவே இல்லை.”

வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தோம். ஒருவருக்கும் அது தோன்றவில்லை.

தமிழில் விடைபெறுகிறவர் ‘போகிறேன்’ என்று சொல்வதில்லை. அது அபசகுனம். ‘போய்விட்டு வருகிறேன்’ என்பார். அதுவும் தேய்ந்து ‘வருகிறேன்’ என்று நிற்கும். வீட்டைவிட்டுப் போகிற ஒருவர், போகிற அந்த நிமிடத்தில், வருகிறேன் என்கிறார்! யோசித்துப் பார்த்தால் வேடிக்கைதான். இதிலும் ஒரு விலக்கு உண்டு: சாவு வீட்டில் ‘வருகிறேன்’ என்று சொல்லக்கூடாது, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட வேண்டும். இதையெல்லாம் நம்மை உட்காரவைத்து யாரும் பாடம் நடத்தவில்லை. பார்த்தும் கேட்டும் தானாக ஒட்டிக்கொண்டது. கதிருக்கு அப்படி ஒட்டவில்லை. அவன் சொன்ன சொல்லை நம்பி நின்றான்.

ஆட்டிசம் உள்ள குழந்தைக்கு இப்படிப்பட்ட எழுதாத விதிகளை எடுத்துச் சொல்வதற்கென்றே ‘சமூகக் கதை’ என்று ஒரு முறை இருக்கிறது. அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். நான் மருத்துவரோ சிறப்புப் பயிற்சியாளரோ இல்லை. அக்காவோடு சேர்ந்து ஆறேழு வருடங்களாக இந்தக் கதைகளை எழுதியும் அடித்தும் திருத்தியும் வருகிற சித்தி, அவ்வளவுதான்.

அவன் உலகத்தைக் கவனிக்காதவன் அல்ல

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்திலேயே உள்ள ஒரு வேறுபாடு. காய்ச்சல்போல வந்துபோகிற நோய் அல்ல. வளர்ப்பினால் வருவதும் அல்ல. ஒரு குழந்தை பேசாமலே இருக்கும், இன்னொன்று ரயில் கால அட்டவணையை ஒப்பிக்கும். இருவருக்கும் பெயர் ஒன்றுதான். பொதுவாக இருப்பவை இரண்டு: மற்றவர்களோடு பேசிப் பழகும் வழி வேறாக இருக்கும், ஒரே மாதிரியான பழக்கங்களிலும் விருப்பங்களிலும் பிடிப்பு அதிகமாக இருக்கும். ஒலி, ஒளி, தொடுதல் ஆகியவற்றைப் பலர் நம்மைவிடக் கூர்மையாகவோ மங்கலாகவோ உணர்கிறார்கள்.

நம் அரசுத் தாள்களில் ஆட்டிசத்துக்குப் ‘புற உலகச் சிந்தனையற்ற’ என்று ஒரு சொற்றொடர் புழங்குகிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு எரிச்சல் வரும். எங்கள் வீட்டுக் கூடத்தில் மின்விசிறியின் சத்தம் ஒரு துளி மாறினாலும் முதலில் சொல்கிறவன் கதிர். புற உலகத்தை அவன் எங்களைவிட அதிகமாகவே கவனிக்கிறான். எதைக் கவனித்து எதை விட வேண்டும் என்று நாங்கள் சொல்லாமலே வைத்திருக்கும் ஒப்பந்தத்தில்தான் அவன் கையெழுத்துப் போடவில்லை.

சொல்லை அதன் நேர்ப்பொருளிலேயே எடுத்துக்கொள்ளும் இந்தப் பழக்கம் மருத்துவ எழுத்தில் இடம்பெற்றது இன்று நேற்றல்ல. 1943இல் அமெரிக்காவில் லியோ கானர் என்ற மருத்துவர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதிய கட்டுரைதான் ஆட்டிசம் பற்றிய முதல் விரிவான பதிவுகளில் ஒன்று. அதில் ஒரு சிறுவன் வருகிறான். சுவரில் மாட்டிய படத்தை ஆங்கிலத்தில் ‘சுவரின் மேல்’ என்றுதான் சொல்வார்கள். அப்பா அப்படிச் சொன்னதும் பையன் கலங்கிப்போய், ‘சுவரின் அருகில்’ என்று திருத்துகிறான். படம் சுவருக்கு மேலே ஏறியா உட்கார்ந்திருக்கிறது? அவன் கேள்வி நியாயமானதுதான்.

இன்னொரு பக்கமும் உண்டு. அடுத்தவர் மனத்தில் என்ன ஓடுகிறது என்று ஊகிப்பது. இதைச் சோதிக்க 1985இல் பேரன்-கோஹன், லெஸ்லி, ஃபிரித் என்ற மூன்று ஆய்வாளர்கள் லண்டனில் ஒரு பொம்மை நாடகம் நடத்தினார்கள். சாலி என்ற பொம்மை தன் கோலியைக் கூடையில் வைத்துவிட்டு வெளியே போகிறாள். ஆன் என்ற பொம்மை அதை எடுத்துப் பெட்டிக்குள் ஒளித்துவிடுகிறாள். சாலி திரும்பி வந்தால் எங்கே தேடுவாள்? கூடையில்தான், பாவம், அவளுக்குத்தான் தெரியாதே. ஆனால் ஆட்டிசம் உள்ள 20 குழந்தைகளில் 16 பேர், கோலி உண்மையில் இருக்கும் இடத்தையே காட்டினார்கள். தனக்குத் தெரிந்தது சாலிக்குத் தெரியாது என்ற கணக்கு அவர்களுக்கு உடனே வரவில்லை.

இந்தச் சோதனையை வைத்துக்கொண்டு ‘இவர்களுக்கு அடுத்தவர் மனம் புரியாது’ என்று வெகுகாலம் பேசிவந்தார்கள். 2012இல் பிரிட்டனைச் சேர்ந்த டேமியன் மில்டன் என்ற சமூகவியலாளர் அதைத் திருப்பிப் போட்டார். அவரே ஆட்டிசம் உள்ளவர். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது என்றார்: அவர்களுக்கு நம்மைப் புரியவில்லை என்றால், நமக்கு மட்டும் அவர்களைப் புரிந்துவிட்டதா? இதற்கு ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்று பெயர். சிறுவயதில் வரிசையாக உட்கார்ந்து ஒருவர் காதில் ஒருவர் கதை சொல்லி, கடைசி ஆளிடம் அது என்னவாக வருகிறது என்று பார்ப்போமே, அதைப் போன்ற ஓர் ஆய்வு 2020இல் எடின்பரோவிலிருந்து வெளியானது. எட்டு எட்டுப் பேராக வரிசை. ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த வரிசையிலும் கதை, மற்றவர்களின் வரிசையில் போனதைப் போலவே போய்ச் சேர்ந்தது.

அன்று மாலை கேட்டருகே யாருக்கு யாரைப் புரியவில்லை? கதிருக்குப் பெரியப்பாவின் ஒரு சொல் புரியவில்லை. எங்களுக்கு இரவு படுக்கப் போகும்வரை கதிரையே புரியவில்லை. கணக்குப் பார்த்தால் நாங்கள்தான் அதிகம் தோற்றவர்கள்.

கதை என்றால் கதை அல்ல

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆசிரியையாக இருந்த கரோல் கிரே என்பவர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இது. பெயரில்தான் கதை இருக்கிறது; ராஜாவோ நரியோ வர மாட்டார்கள். ஒரு சூழ்நிலையில் என்ன நடக்கும், யார் இருப்பார்கள், மற்றவர்கள் ஏன் அப்படிச் செய்கிறார்கள், நான் என்ன செய்யலாம் என்று குழந்தையின் குரலிலேயே எழுதிய ஒரு பக்கம், இரண்டு பக்கம். எழுத்து படிக்கிற குழந்தைக்கு எழுத்தில். படிக்காத குழந்தைக்குப் புகைப்படங்களில்.

அக்கா முதன்முதலில் எழுதியது இப்படி இருந்தது: “யாராவது கிளம்பினால் நான் கேட்டில் நிற்கக் கூடாது. அழக் கூடாது. கூப்பிட்டவுடன் உள்ளே வர வேண்டும். அப்போதுதான் அம்மாவுக்கு என்னைப் பிடிக்கும்.” கதிர் அதை நிதானமாகப் படித்தான். நான்காக மடித்தான். சமையலறைக் குப்பைக் கூடையில் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போனான். அதைவிடத் தெளிவான விமர்சனத்தை நான் எந்தப் பத்திரிகையிலும் படித்ததில்லை. அது கதை அல்ல, குற்றப்பத்திரிகை.

இரண்டாவது முறை உட்கார்ந்து எழுதினோம். முழுவதையும் தருகிறேன்.

‘வருகிறேன்’ என்றால் என்ன?

என் பெயர் கதிர். எங்கள் வீட்டுக்குப் பெரியப்பா, மாமா, பாட்டி என்று பலர் வருகிறார்கள்.

வந்தவர்கள் பேசுவார்கள். காப்பி குடிப்பார்கள். பிறகு தங்கள் வீட்டுக்குத் திரும்புவார்கள்.

கிளம்பும்போது பெரும்பாலும் “வருகிறேன்” அல்லது “போய்விட்டு வருகிறேன்” என்று சொல்வார்கள்.

‘இப்போது என் வீட்டுக்குப் போகிறேன், இன்னொரு நாள் வருவேன்’ என்பது அதற்குப் பொருள். அந்த இன்னொரு நாள் எது என்று சில சமயம் அவர்களுக்கே தெரியாது.

‘போகிறேன்’ என்று மட்டும் சொன்னால், திரும்பி வரவே மாட்டார்களோ என்று சிலருக்கு வருத்தமாக இருக்கும். அதனால் ‘வருகிறேன்’ என்கிறார்கள். தமிழ் பேசுகிற பலர் இப்படிச் சொல்கிறார்கள்.

எனக்குச் சந்தேகம் வந்தால், “இன்றைக்கா, இன்னொரு நாளா?” என்று அவர்களிடம் கேட்கலாம்.

அவர்கள் போன பிறகு நான் உள்ளே வந்து விளையாடலாம்.

இவ்வளவுதான். இதில் ‘நான் இதைச் செய்யலாம்’ என்று வழிகாட்டும் வரிகள் கடைசி இரண்டு மட்டுமே. மற்றதெல்லாம் தகவல். கரோல் கிரேயின் கணக்கும் அதுதான்: வழிகாட்டும் வரி ஒன்று இருந்தால், விளக்கும் வரிகள் குறைந்தது அதைப்போல இரண்டு பங்காவது இருக்க வேண்டும். நம் கை தானாகவே ‘செய், செய்யாதே’ பக்கம் ஓடும். எழுதி முடித்ததும் எண்ணிப் பார்த்தால்தான் தெரியும். எனக்கு இன்றும் முதல் எழுத்தில் கணக்கு தலைகீழாகத்தான் வருகிறது.

‘பெரும்பாலும்’, ‘சில சமயம்’ என்ற சொற்களை அலங்காரத்துக்குப் போடவில்லை. ‘எல்லாரும் எப்போதும் வருகிறேன் என்பார்கள்’ என்று எழுதிவிட்டால், மறுநாள் ஒரு மாமா சும்மா கையாட்டிவிட்டுக் கிளம்பியதும் கதை பொய்யாகிவிடும். நேர்ப்பொருளில் படிக்கிறவனிடம் ஒரு முறை பொய்யான காகிதம் பிறகு எடுபடாது. கதையில் ‘நான்’ என்று வரலாம், ‘கதிர்’ என்று வரலாம், ‘நீ’ வரக் கூடாது. ‘நீ’ என்று வந்தவுடன் எதிரே ஒரு விரல் நீண்டுவிடுகிறது.

இன்னொன்றை முதலில் நாங்கள் கண்டுகொள்ளவே இல்லை. எழுதும் கதைகளில் பாதியாவது, குழந்தை ஏற்கெனவே நன்றாகச் செய்வதைப் பற்றி இருக்க வேண்டும் என்கிறார் கிரே. ஒவ்வொரு கதையும் ஒரு தவறுக்குப் பிறகே வந்தால், காகிதத்தைக் கண்டாலே குழந்தைக்குத் திக்கென்று இருக்கும் அல்லவா? கதிருக்கு ஒரு பழக்கம்: விருந்தாளிகள் வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளை ஜோடி ஜோடியாகத் தெருப்பக்கம் பார்த்து அடுக்கிவைப்பான். அதைப் பற்றி ஒரு கதை எழுதினோம். கிளம்புகிறவர்கள் குனிந்து தேடாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம், அதனால் பாட்டிக்கு முழங்கால் வலி மிச்சம் என்று. அந்தக் கதையை அவன் குப்பையில் போடவில்லை. பீரோ கதவில் ஒட்டிவைத்திருக்கிறான்.

எழுதுவதற்கு முன்னால் போய்ப் பார்

இந்த முறையில் கடினமான பகுதி எழுத்து என்று நினைத்திருந்தேன். எழுத்து அரை மணி நேர வேலை. கடினமானது அதற்கு முந்தியது: குழந்தைக்கு அங்கே என்னதான் சிக்கல் என்று கண்டுபிடிப்பது. அதை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு ஊகித்தால் தவறிப்போகும்.

எங்களுக்குத் தவறியது ஒரு கல்யாணத்தில். மண்டப வாசலில் கால் வைத்ததும் கதிர் திரும்பி ஓடினான். மேளச் சத்தம்தான் காரணம் என்று எல்லாரும் சொன்னோம். அடுத்த கல்யாணத்துக்கு மேளத்தைப் பற்றி ஒரு கதை எழுதினோம், காதை மூடும் ஹெட்போன் வாங்கினோம். மறுபடியும் வாசலிலேயே ஓட்டம். அப்புறம்தான் ஒரு முகூர்த்த நாளில் நான் மட்டும் முன்னதாகப் போய், அவன் உயரத்துக்குக் குனிந்து வாசலைப் பார்த்தேன். உள்ளே நுழையும் இடத்தில் இரண்டு பெண்கள். ஒருவர் கையில் சந்தனக் கிண்ணம், இன்னொருவர் கையில் பன்னீர்ச் செம்பு. வருகிறவர் முகத்தில் சட்டென்று ஒரு தெளிப்பு. வீட்டுக்கு வந்து கதிரிடம் பன்னீர்ச் செம்பின் படத்தைக் காட்டினேன். “மழை இல்லாமல் நனைகிறது” என்று சொல்லிவிட்டுப் படத்தைக் குப்புறப் போட்டான்.

மேளம் அவனுக்கு அவ்வளவு பிரச்சினையே இல்லை. தவில் பிடிக்கும். தாலி கட்டும் நேரத்தில் திடீரென்று கெட்டிமேளம் முழங்கும்போது மட்டும் காதைப் பொத்திக்கொள்வான். அது எப்போது வரும் என்று முன்கூட்டித் தெரிந்தால் அதையும் ரசிப்பான். புதிய கதையில், ஒருவர் விரலை உயர்த்தி ஆட்டி “கெட்டிமேளம், கெட்டிமேளம்” என்று கூவுவார், அதுதான் அடையாளம் என்று எழுதினோம். அட்சதை அரிசி மேலே விழலாம் என்றும் எழுதினோம். பந்தியில் நாம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே அடுத்த பந்திக்காரர்கள் நம் நாற்காலிக்குப் பின்னால் வந்து நிற்பார்கள், அவர்களுக்கு நம்மேல் கோபம் இல்லை, இடத்துக்காகக் காத்திருக்கிறார்கள் என்பதையும் சேர்த்தோம். முன்பின் தெரியாத ஓர் ஆள் பிடரிக்குப் பின்னால் நின்றுகொண்டு நம் பாயசத்தையே பார்ப்பது, கொஞ்சம் யோசித்தால், யாருக்குத்தான் சுகமாக இருக்கும்?

பன்னீருக்கு மட்டும் கதை எழுதவில்லை. கதிரைச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கக் கதவு வழியாகக் கூட்டிக்கொண்டு போனோம். எல்லாவற்றுக்கும் குழந்தையையே பழக்கியாக வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. சில இடங்களில் கதவை மாற்றினால் போதும்.

கோட்டுப் படத்தில் ஒரு சண்டை

வரப்போவதை முன்னதாகச் சொல்லச் சமூகக் கதை. நடந்து முடிந்த சண்டையை அவிழ்த்துப் பார்க்க வேறொன்று இருக்கிறது. அதுவும் கரோல் கிரேயின் யோசனைதான், 1994இல் வந்தது: இரண்டு பேர் உட்கார்ந்து குச்சி மனிதர்களை வரைந்துகொண்டே பேசுவது. சொன்ன சொல்லுக்கு ஒரு குமிழி, மனத்தில் நினைத்ததற்கு வேறு வடிவத்தில் ஒரு குமிழி. உணர்ச்சிக்கு வண்ணப் பென்சில். ஓவியம் வராது என்று கவலைப்பட வேண்டாம். நான் வரையும் ஆட்களுக்குக் கழுத்தே இருக்காது.

எங்கள் தெருவில் பிள்ளைகள் கிரிக்கெட் ஆடுவார்கள். ஒருநாள் கதிர் பந்தை வீசியெறிந்துவிட்டு வந்தான். “எல்லாரும் பொய் சொல்கிறார்கள்” என்பதற்கு மேல் பேச்சில்லை. மறுநாள், கோபம் அடங்கிய பிறகு, காகிதத்தை விரித்தேன். “யார் யார் நின்றீர்கள்?” வரைந்தான். ஸ்டம்பாகச் சாய்த்துவைத்த செங்கல்லையும் விடாமல் வரைந்தான். மட்டை பிடித்திருந்தது மூன்றாம் வீட்டுச் சிறுமி, நான்கு வயது. கதிர் போட்ட பந்து செங்கல்லில் பட்டது. “நீ என்ன சொன்னாய்?” குமிழியில் ‘அவுட்’ என்று எழுதினான். “மற்றவர்கள்?” ‘அவுட் இல்லை’. “நீ என்ன நினைத்தாய்?” ‘செங்கல்லில் பட்டதை எல்லாரும் பார்த்தார்கள். பொய்.’ சிவப்புப் பென்சில்.

“அவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?” பென்சில் நின்றுவிட்டது. அவனுக்கு அந்தக் குமிழிக்குள் போட எதுவுமே இல்லை.

“அந்தப் பாப்பா உப்புக்குச் சப்பாணி” என்றேன். அந்தச் சொல்லையே அவன் கேட்டதில்லை. சின்னப் பிள்ளையை ஆட்டத்தில் சேர்த்துக்கொள்வோம், ஆனால் கணக்கில் சேர்க்க மாட்டோம், அவுட் ஆனாலும் ஆடிக்கொண்டே இருக்கலாம் என்று விளக்கினேன். (சொல் எனக்கும் உறுத்துகிறது. கால் முடியாதவரைக் குறித்த சொல் எப்படியோ விளையாட்டுக்குள் வந்து ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆனால் இந்த ஏற்பாட்டுக்குத் தெருப் பிள்ளைகளிடம் வேறு பெயர் இல்லையே.) கதிர் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு கேட்டான்: “இது விதியா?” ஆமாம், விதிதான். “அப்படியானால் ஆட்டம் தொடங்கும்போதே ஏன் யாரும் சொல்லவில்லை?”

எனக்குப் பதில் வரவில்லை. மற்ற பிள்ளைகளுக்கும் யாரும் சொல்லவில்லை, அவர்களுக்குத் தெரிந்திருந்தது. அவனுக்கு விதி பிடிக்காமல் சண்டை வரவில்லை. விதியை மறைத்துவைத்து ஆடுகிறார்கள் என்று சண்டை. மறுநாளிலிருந்து ஆட்டம் தொடங்கும் முன் “இன்று யார் உப்புக்குச் சப்பாணி?” என்று அவனே கேட்டுச் சாக்பீசால் சுவரில் எழுதிவைக்க ஆரம்பித்தான். பிள்ளைகள் அதை எளிதாக எடுத்துக்கொண்டார்கள். தகராறு குறைந்ததில் அவர்களுக்கும் லாபம்.

எவ்வளவு எதிர்பார்க்கலாம்

அளவோடு எதிர்பார்க்க வேண்டும். இங்கிலாந்தில் 87 பள்ளிகளில் 249 குழந்தைகளை இரு பிரிவாக வைத்து இந்த முறையைச் சோதித்தார்கள். பொதுவான சமூகப் பழக்கத்தை அளக்கும் மதிப்பெண்ணில் குறிப்பிடத்தக்க மாற்றம் தெரியவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தைக்கும் தனித்தனியாகக் குறித்துக்கொண்ட இலக்கு, கதை படித்த பிரிவில்தான் அடிக்கடி நிறைவேறியது. என் அனுபவமும் ஏறக்குறைய இதுவே. கதிரை இது ‘சகஜமாகப் பழகுகிற பையனாக’ மாற்றவில்லை. அது எங்கள் நோக்கமும் அல்ல. கேட்டில் நிற்பது நின்றது, மண்டபத்துக்குள் நுழைய முடிந்தது. ஒரு கதை ஒரு பூட்டைத் திறக்கும். வீட்டுச் சாவிக்கொத்து முழுவதையும் அதனிடம் கேட்கக் கூடாது.

அலறிக்கொண்டிருக்கும்போது கதையைக் கையில் கொடுப்பது வீண் வேலை. அந்த நேரத்தில் சத்தத்தைக் குறைத்து, கூட்டத்தை விலக்கி, பக்கத்தில் சும்மா இருப்பதுதான் செய்யக்கூடியது. கதைக்கு நேரம் வேறு: வயிறு நிறைந்து, மனம் அமைதியாக இருக்கும்போது, நிகழ்வுக்குச் சில நாள் முன்பிருந்து, தினம் ஒரு தடவை. மறுத்தால் விட்டுவிடலாம்.

எதைக் கதையாக எழுதக் கூடாது என்பதில் எனக்குக் கொஞ்சம் பிடிவாதம் உண்டு. ‘முகத்தைப் பார்த்துப் பேசு’ என்று எழுத மாட்டேன். ஆட்டிசத்தோடு வளர்ந்து பெரியவர்களான பலர், கண்ணைப் பார்த்தால் காதில் விழுவது நின்றுவிடுகிறது என்று சொல்லியிருக்கிறார்கள். தரையைப் பார்த்துக்கொண்டே கதிர் நான் சொன்ன அத்தனையையும் திருப்பிச் சொல்கிறான். எனக்கு அது போதும். கையாட்டுவதையும் முன்னும் பின்னும் ஆடுவதையும் நிறுத்தச் சொல்லிக் கதை எழுத மாட்டேன். விருந்தாளி கன்னத்தைக் கிள்ளினால் சிரிக்க வேண்டும் என்றும் எழுத மாட்டேன். அதற்குப் பதிலாக, “எனக்குத் தொட்டால் பிடிக்காது, வணக்கம் சொல்கிறேன்” என்று அவன் சொல்லலாம் என எழுதியிருக்கிறோம். பெரியவர்கள் சொல்வதையெல்லாம் கேட்டு நடக்கப் பழகிய குழந்தை, தவறான பெரியவர் சொல்வதையும் கேட்கும். அந்த ஆபத்து இந்தக் குழந்தைகளுக்கு மற்றவர்களைவிட அதிகம்.

அதோடு, உறவினர்களுக்கும் ஒரு பக்கம் எழுதிக்கொடுக்க வேண்டியிருந்தது. “அம்மாவைப் பிடிக்குமா, அப்பாவைப் பிடிக்குமா?” என்று கேட்காதீர்கள்; அவன் இரண்டு நாள் அதற்கு விடை தேடுவான். “உன்னை எங்கள் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போய்விடட்டுமா?” என்று விளையாட்டுக்குக்கூடக் கேட்காதீர்கள், அவன் பையைக் கட்டிவைத்துவிட்டு அழுவான். காப்பி வேண்டுமென்றால் முதல் தடவையே வேண்டும் என்று சொல்லுங்கள். “ஐயோ, வேண்டாம் வேண்டாம்” என்று நீங்கள் மரியாதைக்குச் சொன்னால், அவன் தம்ளரைத் திரும்ப எடுத்துக்கொண்டு போய்விடுவான். இது உண்மையிலேயே நடந்தது. அத்தை ஒருவர் அன்று காப்பி இல்லாமலே ஊருக்குப் போனார்.

பெரியப்பா அந்தப் பக்கத்தை வாங்கிப் படித்துவிட்டு, “வருகிறேன் என்று சொல்வதில்கூடவா குற்றம்?” என்று முதலில் முகத்தைச் சுளித்தார். அடுத்த முறை அவர் எழுந்து துண்டை உதறியபோது கதிர் கேட்டான்: “இன்றைக்கா, இன்னொரு நாளா?” பெரியப்பா திகைத்துப்போய், “இன்னொரு நாள்தான்டா” என்றார். “எந்த நாள்?” அவர் எங்களைப் பார்த்தார். நாங்கள் யாரும் உதவிக்குப் போகவில்லை. கடைசியில், “வருகிற மாதம் இரண்டாவது ஞாயிறு” என்று ஒரு நாளைச் சொல்லித் தப்பித்தார். கதிர் உள்ளே போய்ச் சுவரில் தொங்கிய மாதக் காலண்டரில் அந்தக் கட்டத்தைப் பச்சைப் பென்சிலால் வட்டமிட்டான்.

அந்த ஞாயிற்றுக்கு முந்தைய வெள்ளிக்கிழமை இரவு பெரியப்பா அக்காவுக்குத் தொலைபேசியில் பேசினார். “ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு வேலை வந்துவிட்டதம்மா. பையனிடம் நீயே பக்குவமாகச் சொல்லிவிடேன்.”

“நீங்களே சொல்லுங்கள் மாமா” என்று அக்கா போனைக் கதிரின் கையில் கொடுத்துவிட்டாள்.